பட்டியலில் இல்லாத வேலை

பிப்ரவரி 4

அன்புள்ள புலிக்கு,

அண்ணி எழுதுவது. நானும் உன் மருமகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உனக்கு அந்த இருமல் விட்டதா? நீ வேலை பார்க்கிற பாலத்துப் பக்கம் காற்று அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு போ.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "அண்ணி" என்று ஆரம்பித்ததும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. எனக்கு அடைத்தால் உனக்கும் அடைக்கிறது. அப்புறம் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊரில் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறோம், ஒரு விஷயமும் பேசி முடிவதில்லை. எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. நான் எட்டாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதே. உன் அண்ணன் உனக்குக் கணக்குப்புலி என்று பேர் வைத்தாரே, அந்தப் புலியிடம் ஒரு கணக்குக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

புதிதாக ஒரு நாடக அரங்கம் கட்டுகிறார்கள் என்று சொல்லியிருப்பார். கீழே, பால்கனி எல்லாம் சேர்த்து நானூறு சீட். அவ்வளவுக்கும் குஷன் போட்டு, வெல்வெட் உறை தைத்து மாட்டிக் கொடுக்க உன் அண்ணன் ஒப்புக்கொண்டு முன்பணமும் வாங்கியிருந்தார். அப்புறம் நவம்பரில் நம்மை விட்டுப் போய்விட்டார்.

போன வாரம் அரங்கத்து மேனேஜர் பட்டறைக்கு வந்தார். நல்ல மனுஷர்தான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து நின்று, "நீங்களே எடுத்துச் செய்றீங்களாம்மா, இல்ல வேற ஆளைப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். ஆகஸ்ட் கடைசியில் திறப்பு விழா. இப்போது முடியாது என்றால் முன்பணத்தில் செலவானது போக மீதியைக் கொடுத்தால் போதும் என்கிறார். எடுத்துக்கொண்டு பாதியில் விட்டால் முழுசும் திருப்பித் தரவேண்டும். அப்படி நடந்தால் மெஷின்களை விற்பதைத் தவிர எனக்கு வழி இல்லை. மெஷின் போனால் பட்டறை போச்சு. மார்ச் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

"என் தங்கச்சி பாலம் எப்ப முடியும், எது எது கெட்டுப்போகும்னு உட்கார்ந்த இடத்துல நம்பர் போட்டுச் சொல்லிடுவா" என்று உன் அண்ணன் ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். எனக்கும் சொல்லு. எடுக்கலாமா, வேண்டாமா?

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இருமல் போய்விட்டது. உங்களுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

அண்ணன் என்னைப் பற்றி அளந்ததையெல்லாம் நம்பாதீர்கள். எடுக்கலாமா வேண்டாமா என்று என்னால் சொல்ல முடியாது. எடுத்தால் நூறில் எத்தனை பங்கு நடக்கும் என்றுதான் சொல்லமுடியும். என் வேலையே அவ்வளவுதான்.

எப்படி என்றால், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டப்பா இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே காகிதத் துண்டுச் சீட்டுகள், ஒவ்வொரு சீட்டிலும் அந்த வேலைக்கு ஆகும் நாள். வழக்கமாக ஆகிற நாள் எழுதின சீட்டு நிறைய இருக்கும். எல்லாம் கூடிவந்தால் ஆகிற குறைந்த நாளும், சனி பிடித்தால் ஆகிற அதிக நாளும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு சீட்டு எடுத்துக் கூட்டினால் வேலை முடியும் தேதி ஒன்று கிடைக்கும். சீட்டுகளைத் திரும்பப் போட்டுக் குலுக்கி மறுபடி எடுத்தால் வேறொரு தேதி. கம்ப்யூட்டர் இதைப் பத்தாயிரம் தடவை சலிக்காமல் செய்யும். அதில் எத்தனை தடவை ஆகஸ்டுக்குள் முடிந்தது என்று எண்ணிச் சொல்வேன்.

அதனால் எனக்கு வேண்டியது வேலைகளின் பட்டியல். ஒன்று விடாமல். ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் கணக்கு: நல்லபடி போனால், வழக்கமாக, கெட்டுப்போனால். செய்கிறவர்களையே கேட்டு எழுதுங்கள்.

மருமகளை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்.

புலி


மார்ச் 1

அன்புள்ள புலிக்கு,

நாங்கள் சுகம். முழங்கால் அது பாட்டுக்கு வலிக்கிறது, நான் பாட்டுக்கு நடக்கிறேன். இரண்டு பேருக்கும் சண்டை இல்லை.

நீ சொன்னபடி எல்லோரையும் கேட்டேன். மூன்று நாள் கணக்கு என்றதும் ஆளாளுக்கு முழித்தார்கள். பலகை அறுத்துத் தரும் தச்சரிடம் போனேன். "நீங்க கண்கலங்கக் கூடாதுக்கா. மூணு வாரத்துல நானூறு பலகையும் உங்க வாசல்ல இருக்கும்" என்றார். கெட்டுப்போனால் எத்தனை நாள் என்று கேட்டால், "கெட்டுப்போக விட்டுடுவேனா? அண்ணன் எனக்கு எவ்வளவு செஞ்சிருக்காரு!" என்று கோபித்துக்கொண்டார். மல்லுக்கு நின்று நாலு வாரம் என்று எழுதிக்கொண்டேன்.

ஃபோம் கடைக்காரர் ஒரு வாரத்தில் இறக்குவாராம், மிஞ்சினால் பத்து நாள். "உங்களுக்கு இல்லாததாம்மா?" என்றார். வெல்வெட்டும் அப்படித்தான், பணம் கட்டிய வாரமே வரும். நம் பட்டறையில் மெஷின் ஓட்டும் மூன்று பேரும், "நாங்க இருக்கோம், நீங்க கவலைய விடுங்கக்கா" என்றார்கள். கண்ணாடி போட்டவள் மட்டும் யோசித்துவிட்டு, இரண்டரை மாதம், கெட்டுப்போனால் மூன்று என்றாள்.

ஆக, பலகை, ஃபோம், வெல்வெட், தையல், பலகையில் ஃபோம் ஒட்டி உறையை இழுத்துப் பின் அடிப்பது, அரங்கத்தில் கொண்டுபோய் மாட்டுவது. இவ்வளவுதான் வேலை. தனித்தாளில் நாளெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். ஊரில் மனுஷத்தன்மை இன்னும் இருக்கிறது, புலி. ஒருவர்கூட இழுத்தடித்துச் சொல்லவில்லை.

சீக்கிரம் பதில் போடு. குளிர்காலத்துத் துணிகளை வெயிலில் போட்டு எடுத்து வை.

உன் அண்ணி


மார்ச் 13

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். வெயில் வந்துவிட்டது. நீங்கள் சொன்ன மாதிரி கம்பளியை வெளியே போட்டேன், ஒரு பூனை வந்து படுத்துக்கொண்டது.

உங்கள் பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். ஆகஸ்ட் கடைசிக்குள் முடிவது நூறில் எண்பத்தெட்டு. எங்கள் பாலத்துக்கு அந்த எண் வந்தால் ஆபீசில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். எண்பத்தெட்டு என்றால் முடிந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. உங்களைப்போல நூறு பட்டறை இதே வேலையை எடுத்தால் பன்னிரண்டு பட்டறை மாட்டிக்கொள்ளும். அந்தப் பன்னிரண்டில் நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்று எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாது.

ஒரு சின்ன சந்தேகம். வெல்வெட் வருகிறது, அடுத்த வரியில் தையல் ஆரம்பிக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. துணியை வெட்டுவது யார்?

முழங்காலுக்கு டாக்டரைப் பாருங்கள். சண்டை இல்லை என்று அது எழுதித் தரவில்லை.

புலி


மார்ச் 29

அன்புள்ள புலிக்கு,

நாங்கள் நலம். உன் மருமகளுக்குப் பரீட்சை நடக்கிறது. கணக்குத் தாள் சுலபம் என்றாள். உன் ரத்தம் கொஞ்சம் ஓடுகிறது.

எண்பத்தெட்டு என்று நீ எழுதியதைப் படித்த அன்றைக்கே மேனேஜரிடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். "தைரியசாலிம்மா நீங்க" என்றார். தைரியம் என்னுடையதில்லை, என் நாத்தனாருடையது என்றேன். நாத்தனார் பேச்சைக் கேட்டு நடக்கிற அண்ணியை முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்று சிரித்தார்.

தச்சர் வேலை ஆரம்பித்துவிட்டார். ஃபோமுக்குச் சொல்லியாகிவிட்டது. பட்டறைக் கூரையில் ஒரு தகரம் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது, ஆள் வைத்து ஆணி அடித்தேன். நடு மெஷினில் ஊசி அடிக்கடி ஒடிகிறது என்றார்கள், அதையும் பழுது பார்த்தாயிற்று. கண்ணாடிக்காரியின் மாமியார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார், அவளுக்கு இனி லீவு தேவைப்படாது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது. எழுத வேறு ஒன்றும் இல்லை.

பூனைக்குப் பால் ஊற்றிப் பழக்காதே, அப்புறம் போகாது.

உன் அண்ணி


ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். பூனை போகவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்று படித்ததும் உங்கள் பட்டியலை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் கேள்விக்குப் பதில் வந்தபிறகு போடுவீர்கள் என்று நினைத்தேன். கேள்வியைக் கடைசியில் ஒட்டாமல் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். எண்பத்தெட்டைச் சொல்லும் அவசரம் எனக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் பட்டியலில் வழக்கமான நாளும் கெட்டுப்போன நாளும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி இருக்கின்றன. உலகத்தில் எந்த வேலையும் அப்படி நடக்காது. ஒருவர் கூட்டிச் சொல்வார், ஒருவர் குறைத்துச் சொல்வார், கடைசியில் ஓரளவு சரிக்கட்டிப் போகும். அதை நம்பித்தான் எங்கள் கணக்கே நிற்கிறது. எல்லோரும் ஒரே பக்கமாகக் குறைத்துச் சொன்னால் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. அண்ணி, இவர்கள் ஒரு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லவில்லை. அண்ணனைப் பறிகொடுத்த உங்களுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். நாட்களைக் குறைத்து, அதையே ஆறுதலாகக் கொடுத்துவிட்டார்கள்.

யாரோ அந்நியர் கேட்பது போலக் கேட்டுப் பாருங்கள்.

வெட்டும் வேலைக்கு ஒரு வரியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். நானாக எதையும் அதில் நிரப்பமாட்டேன்.

புலி


மே 16

அன்புள்ள புலிக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு உடம்பு காரணம் இல்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நீயும் நலமாக இரு.

முதலில் சிரிக்கிற விஷயத்தைச் சொல்கிறேன். கண்ணாடிக்காரியை விட்டுப் போன் பண்ணவைத்தேன். அவள் மூக்கால் பேசிக்கொண்டு, "நாங்க புதுசா ஒரு ஹோட்டல் கட்டறோம், நானூறு சீட்டுக்கு ஃபோம் எத்தனை நாள்ல கிடைக்கும்?" என்று கேட்டாள். நம் ஃபோம் கடைக்காரர், "மேடம், லாரி கிளம்பவே ஒரு வாரமாகும். மூணு வாரம்னு வச்சுக்குங்க. அஞ்சாயிடுச்சுன்னா என்னை வையக்கூடாது, ஃபேக்டரிக்காரனை வையணும்" என்றார். எனக்கு ஒரு வாரம், ஹோட்டலுக்கு மூன்று. நான் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். கடைசியில், "மேடம், உங்க குரல் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றதும் இவள் டக்கென்று வைத்துவிட்டாள். தச்சருக்கும் அதே வேஷம். அவர் ஹோட்டலுக்கு ஏழு வாரம் சொன்னார். உண்மையில் நமக்கும் ஏழு வாரம்தான் ஆனது, போன வாரம்தான் கடைசிப் பலகை வந்தது. ஒருவர்மேலும் எனக்குக் கோபம் இல்லை. அழுகிறவள் முன்னால் ஏழு வாரம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

மெஷின்காரிகளை வேஷம் போட்டுக் கேட்க முடியாது. அதனால் எத்தனை நாள் என்றே கேட்கவில்லை. போன வருஷம் ஒரு சோபா ஆர்டருக்கு ஆளுக்கு ஒரு நாளில் எத்தனை உறை தைத்தார்கள் என்று கேட்டு, நானே வகுத்துப் பார்த்தேன். இரண்டரை மாதம் மூன்றரை ஆகிறது.

இனி அந்தக் காலி வரி.

வெட்டுவது உன் அண்ணன்தான். வேறு யார்? காலையில் நாங்கள் எல்லாம் வருவதற்குள் வெட்டி அடுக்கி வைத்திருப்பார். நாங்கள் வந்தால் மேஜைமேல் துணி தயாராக இருக்கும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி. அது ஒரு வேலை என்று யாரும் நினைத்ததில்லை, அதற்கு நாள் ஆகும் என்றும் நினைத்ததில்லை. நீ பட்டியல் கேட்டபோது எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் பாதிதான் உண்மை. எழுதும்போது அந்த இடத்தில் பேனா ஒரு நிமிஷம் நின்றது. தாண்டி எழுதிவிட்டேன்.

வெட்டும் மேஜை அப்படியே இருக்கிறது. நவம்பரில் மாதிரிக்கு வந்த ஒரு வெல்வெட் துண்டை விரித்து, அதன்மேல் சாக்பீஸால் கோடு போட்டு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் போகவில்லை. மேலே ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடினேன். அதற்கப்புறம் தூக்கவில்லை. அரங்கத்தில் வரிசைகள் வளைந்து போகின்றன, ஓரத்துச் சீட்டெல்லாம் வேறு வேறு வடிவம். ஒவ்வொரு வடிவத்துக்கும் அட்டை வெட்ட வேண்டும். இரண்டு அட்டைதான் செய்திருந்தார். வெல்வெட் வந்து இறங்கிப் பத்து நாளாகிறது. மெஷின்காரிகள் தினமும், "அக்கா, துணி?" என்கிறார்கள். நாளைக்கு என்கிறேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேலை இல்லாமலே மெஷினைத் துடைக்கிறார்கள்.

நேற்று ஒரு காரியம் செய்தேன். டிப்போ பக்கம் ஒரு கட்டிங் மாஸ்டர் இருக்கிறாரே, இந்தத் தொழிலில் இன்னும் பத்து விரலும் மிச்சம் இருக்கிற ஒரே ஆள் நான்தான் என்று பேசுவாரே, உன் அண்ணன் முகம் கொடுத்துப் பேசாத ஆள், அவரிடம் போனேன். உட்காரச் சொல்லவில்லை. "உங்க வீட்டுக்காரர் இருந்தா என் வாசப்படி மிதிச்சிருப்பீங்களா?" என்றார். மாட்டேன் என்றேன். "அப்ப நேரா விஷயத்துக்கு வாங்க" என்றார். மூன்று நாள் கணக்குக் கேட்டேன். "நல்லபடி போனா அஞ்சு வாரம். வழக்கமா ஏழு. எனக்கு முதுகு பிடிச்சுக்கிச்சுன்னா ஒன்பது, அது வருஷத்துக்கு ரெண்டு தடவை பிடிக்கும். வெட்ட வெட்ட வாரா வாரம் எடுத்துத் தைக்கலாம். முழுசும் முடியட்டும்னு காத்திருக்க வேணாம்" என்றார். உன் அண்ணனைப் பிடிக்காத ஒருவர்தான் எனக்கு நேராக நாள் சொன்னார்.

எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். காலி வரியை நிரப்பிவிடு. வருகிற நம்பரை எனக்காகக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

உன் அண்ணி


மே 24

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் கடிதத்தில் மேஜை பற்றி எழுதிய பக்கத்தை ஒரு தடவைதான் படித்தேன்.

கூட்டவில்லை, குறைக்கவில்லை. நானூறு சீட்டும் ஆகஸ்ட் கடைசிக்குள் முடிவது நூறில் பத்தொன்பது.

எந்த வேலை எவ்வளவு ஆட்டுகிறது என்று தனியாகவும் பார்த்தேன். ஒவ்வொரு டப்பாவையும் மாற்றி மாற்றி நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் வைத்தால் முடியும் தேதி எவ்வளவு நகர்கிறது என்ற கணக்கு. வெட்டுவதுதான் முதலில் நிற்கும் என்று நினைத்தேன். இல்லை. மாஸ்டர் நாளைச் சரியாகச் சொல்லிவிட்டதால் அது இரண்டாவதுதான். முதலில் நிற்பது தையல். நானூறு உறை, மூன்று மெஷின். அதற்கடுத்து, இன்னும் வரவில்லை என்று தாளில் எழுதியிருந்தீர்களே, அந்த ஃபோமின் இரண்டாவது லோடு.

அதனால் வெட்டுவதில் நாளைக் கசக்கிப் பிழிந்து பிரயோசனம் இல்லை. தையலைக் குறைக்க வேண்டும். இன்னும் மெஷின், ஆள் என்று போனால் பழக்குவதிலேயே ஜூன் போய்விடும், அதையும் போட்டுப் பார்த்தேன், நாற்பதைத் தாண்டவில்லை. அரங்கத்துச் சீட்டுகளின் எண்ணிக்கையையே குறைத்தால்தான் நம்பர் ஏறுகிறது. கீழே இருக்கும் இருநூற்றைம்பதை மட்டும் திறப்பு விழாவுக்கு, பால்கனியை அக்டோபருக்கு என்று பிரித்தால் கீழ்த்தளம் நூறில் எண்பத்திரண்டு. அதுவும் கடைசியில் பத்து நாள் காலியாக வைத்தால்தான். அந்தப் பத்து நாளுக்கு எந்த வேலையும் போடக்கூடாது. எது கெட்டாலும் அதிலிருந்து எடுக்கத்தான் அது. யாரிடமும் சொல்லாதீர்கள். இருக்கிறது என்று தெரிந்தால் அவரவர் ஆளுக்கு இரண்டு நாளை இப்போதே எடுத்துக்கொள்வார்கள். எங்கள் இஞ்சினியர்களே அப்படித்தான்.

மேனேஜர் ஒத்துக்கொள்வாரா என்பதற்கு என்னிடம் டப்பா இல்லை. ஆனால் ஆகஸ்டில் போய்ச் சொல்வதற்கும் மே மாதத்தில் போய்ச் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு.

முழங்காலைக் கட்டிக்கொண்டு போங்கள்.

புலி


ஜூன் 8

அன்புள்ள புலிக்கு,

எல்லோரும் சுகம். முழங்காலுக்கு டாக்டர் ஒரு பட்டி கொடுத்தார், வெயிலில் அரிக்கிறது.

உன் கடிதம் வந்த மறுநாளே மேனேஜரிடம் போனேன். அரங்கத்துக்குள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். வெறும் இரும்புக் கால்கள் வரிசை வரிசையாக நின்றன. விஷயத்தைச் சொன்னதும் மனுஷருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா இது, கையெழுத்துப் போட்டுட்டு இப்ப வந்து முடியாதுங்கறீங்க?"

"முடியாதுன்னு சொல்லல சார். நூத்துக்குப் பத்தொன்பதுங்கறேன்."

"இந்தக் கட்டடத்துல முப்பது பேருக்கு வேலை குடுத்திருக்கேன். எலக்ட்ரீஷியன், பெயிண்டர், ஏ.சி.காரன், எல்லாரும் நூத்துக்கு நூறுன்னுதான் சொல்லியிருக்கான்."

"ஏ.சி. வந்திருச்சா சார்?"

அவர் மேலே அண்ணாந்து பார்த்தார். கூரையில் ஓட்டைதான் இருந்தது. அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க. அந்தக் கணக்கை முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார். டப்பா, சீட்டு எல்லாம் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். இரண்டு தடவை குறுக்கே கேள்வி கேட்டார். ஒன்றுக்குப் பதில் தெரிந்தது. இன்னொன்றை நாத்தனாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மூன்று நாள் கழித்துச் சொல்லி அனுப்பினார். கீழ்த்தளம் நமக்கு. பால்கனியை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டார், அக்டோபர் வரை அவரால் காத்திருக்க முடியாதாம். பால்கனிக்கான முன்பணத்தை நாம் கடைசியில் வரும் பணத்தில் கழித்துக்கொள்ள வேண்டும். ஆக, வேலையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கையைவிட்டுப் போச்சு. உன் அண்ணன் வாங்கிய வேலை. வீட்டுக்கு வரும்வரை பொருமிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் மெஷின் மூன்றும் இன்னும் என்னுடையவைதான்.

மறுநாள் பத்து விரல் மாஸ்டர் வந்தார். மேஜைமேல் இருந்த விரிப்பை நான்தான் எடுத்தேன். அவர் குனிந்து அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் தொடாமல் மேலேயே ஓட்டிப் பார்த்தார். "கை சுத்தம்தான், இல்லேன்னு சொல்லமாட்டேன்" என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமல், "என் அளவு வேற மாதிரி. அழிக்கலாமா?" என்றார்.

மெஷின்காரிகள் மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அழிங்க மாஸ்டர். துணி வீணாகக் கூடாது" என்றேன்.

பிரஷ்ஷால் இரண்டு இழுப்பு. போய்விட்டது. அன்றைக்கு மத்தியானமே முதல் உறை மெஷினில் ஏறியது.

மேனேஜர் கேட்ட கேள்வி: ஏ.சி.காரனையும் இப்படிப் போட்டுப் பார்க்க முடியுமா என்று. உனக்கு வேலை தேடி வைத்திருக்கிறேன்.

உன் அண்ணி


ஜூலை 11

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், வேலை அதிகம். அரிப்புக்குப் பட்டியின் உள்ளே மெல்லிய துணி வைத்துக் கட்டுங்கள்.

ஏ.சி.காரரைப் பற்றி: முடியும். ஆனால் அவரிடமே நாள் கேட்டால் நூறுதான் வரும். முன்னால் செய்த கட்டடங்களில் எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் மெஷின்காரிகளிடம் கேட்டீர்களே, அதே மாதிரி. உங்கள் கடிதத்தில் அந்த இடத்தை எங்கள் ஆபீசில் வாசித்துக் காட்டினேன். எங்கள் பெரியவர், "நம்ம ஆபீஸ் கையேட்டுல இருபது பக்கத்துக்கு இருக்கிறதை உங்க அண்ணி ஒரு வரியில எழுதிட்டாங்களே" என்றார். மண்டைக்கனம் வேண்டாம், அவர் எல்லோரிடமும் இப்படித்தான் சொல்வார்.

காலியாக வைத்த பத்து நாளில் எத்தனை நாள் செலவாயிற்று? அதை மட்டும் எழுதுங்கள். மற்றதை நான் இங்கே திருத்திக்கொள்கிறேன்.

அண்ணனின் கோட்டை அழிக்கச் சொன்னதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. எழுத வரவில்லை.

புலி


செப்டம்பர் 2

அன்புள்ள புலிக்கு,

நாங்கள் இருவரும் நலம். உனக்கும் பூனைக்கும் அப்படியே இருக்கட்டும்.

நீ கேட்டதற்கு இப்போதுதான் முழுக் கணக்குச் சொல்ல முடிகிறது. ஃபோமின் இரண்டாவது லோடு தாமதம், அதற்கு நாலு நாள் போச்சு. கடைக்காரர் வந்து நின்று, "ஹோட்டலுக்குச் சொன்ன நாளையே உங்களுக்கும் சொல்லியிருக்கணும்மா" என்றார். குரலைக் கண்டுபிடித்துவிட்டிருக்கிறார், இத்தனை நாளும் சொல்லவில்லை. மாஸ்டருக்கு முதுகு பிடிக்கவே இல்லை. பதிலாக அவர் பெண்ணுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் வரவில்லை. இதை நாம் எந்த டப்பாவிலும் போட்டிருக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் கரண்ட் இல்லை. மொத்தம் ஏழு.

இருநூற்றைம்பதாவது சீட்டை மாட்டியபோது திறப்பு விழாவுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மேனேஜர் ஒவ்வொரு வரிசையிலும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து பார்த்தார். ஏ.சி. இன்னும் ஓடவில்லை, வியர்த்து வழிந்தது. "பால்கனி பாதிதான் ஆயிருக்கு. உங்ககிட்டயே விட்டிருந்தா?" என்றார். எங்களிடம் விட்டிருந்தால் கீழேயும் பாதிதான் ஆகியிருக்கும் சார் என்றேன். கடைசிப் பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்தார்.

மெஷின்காரிகளுக்கு மூன்று நாள் லீவு கொடுத்தேன். நம்பமுடியாமல் பார்த்தார்கள். பட்டறையைப் பூட்டினேன்.

உன் அண்ணன் போனதிலிருந்து நான் ஒரு நாளும் வேலையில்லாமல் இருந்ததில்லை, புலி. முதலில் துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு வேண்டியதையெல்லாம் பார்த்தேன். அப்புறம் காகிதங்கள், ஆபீஸ்கள். அப்புறம் இந்த அரங்கத்துச் சீட் வேலை. முதல் நாள் காலையில் வீட்டைப் பெருக்கினேன், பாத்திரம் கழுவினேன், துணி துவைத்தேன். பத்து மணிகூட ஆகவில்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லை. துவைத்த கையோடு தரையில் உட்கார்ந்தேன். அப்போது வந்தது.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொள்ளக்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள், எழுந்து போய்த் திறக்கவில்லை. உன் மருமகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இப்பத்தாம்மா நீ அழறே. இத்தனை மாசமா மூக்கைத்தான் சிந்துனே" என்றாள். அப்புறம் அவளும் அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததும் அன்றைக்குத்தான். எனக்கு வேலை இருக்கிறது என்று அவளும் அடக்கி வைத்திருந்திருக்கிறாள்.

இரண்டாம் நாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. போ என்று நானும் சொல்லவில்லை. அவர் பேசியதையெல்லாம் பேசினோம். நடுநடுவே சிரித்தோம், மறுபடி அழுதோம். மூன்றாம் நாள் மத்தியானம்வரை தூங்கினோம். சாயங்காலம் இருவருக்கும் பசித்தது. வெளியே போய் வயிறு நிறையச் சாப்பிட்டு, நடந்தே வீட்டுக்கு வந்தோம்.

இன்று பட்டறையைத் திறந்துவிட்டேன். மெஷின்காரிகள் வந்துவிட்டார்கள்.

நீ வைக்கச் சொன்ன பத்து நாளும் செலவாகிவிட்டது. ஒன்றுகூட வீணாகவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி